நட்டுவை விடப் போன புதன்கிழமை

லோடு ஆட்டோவின் பின்தட்டில் பழைய போர்வையை விரித்து, கிழட்டு நாய் நட்டுவைக் குணாளன் தூக்கி வைத்த நேரம் பார்த்தா துளசிராமன் வர வேண்டும்? வீட்டுச் சொந்தக்காரர். கையில் பால் பாக்கெட்டும் ரொட்டிக்கடைப் பையுமாக வந்தவர் ஆட்டோ பக்கத்திலேயே நின்றுவிட்டார். காக்களூரில் அந்தத் தெரு முழுக்கக் குணாளன் சொல்லிவைத்திருந்தது, "ஹவுஸ் ஓனர் நாய் வெச்சிக்கக் கூடாதுன்றாரு" என்பதுதான். அதை அந்த மனிதரிடமே எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"இன்னா குணாளா, நட்டுவுக்கு உடம்பு சரியில்லியா?"

"இல்ல சார்... ரத்னாவுக்கு வீசிங். நாய் முடி ஆவாதுன்ட்டாரு டாக்டரு."

வாசற்படியில் நின்றிருந்த ரத்னாவுக்குத் தனக்கு இப்படி ஒரு வியாதி இருப்பது அந்த நிமிடம்தான் தெரியவந்தது. புருஷனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். துளசிராமன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து நாயின் மூக்குக்குக் கீழே வைத்தார். "பதிமூணு வருசமாச்சேப்பா. நல்ல எடமா பாத்து உடு" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் குணாளனுக்கு அங்கே ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. "ஜெயராஜ், வண்டிய எட்றா" என்று கத்தினான்.

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது இல்லாதவன் சும்மாவாவது இருக்க வேண்டுமா இல்லையா? ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவைத்து, யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஒரு வாரமாக மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே திரிந்தான் குணாளன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. இப்போதும் ஊத்துக்கோட்டை ரோட்டில் ஏறியதிலிருந்து பத்து தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டான். நட்டு போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. ஜெயராஜ் அதே தெருப் பையன், வாய் சும்மா இருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று அவனிடமும் ஒன்று சொல்லிவைத்தான்.

"திருநின்றவூர்ல பிளாட் பாத்துக்கினு இருக்கோம்டா. மூணாவது மாடி. இத்த எப்டி ஏத்தி எறக்கறது?"

பெரியபாளையத்தில் கோயில் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தியபோது ஜெயராஜ் திரும்பினான். "யண்ணா, ஓனர் பேஜார் பண்றார்னாங்கோ, அவுரு இன்னாடான்னா பன்னு குடுக்குறாரு. அண்ணிக்கு வீசிங்குன்ற. இப்ப பிளாட்டுன்ற. எதுனா ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணிச் சொல்லுண்ணா, நானும் அத்தையே சொல்லிக்கிறேன்."

குணாளன் இடது மணிக்கட்டில் இருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டான். அதைக் கம்பெனியில் தகரம் கிழித்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்சுக்கும் ரத்னாவுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். நட்டு கடித்த கடி அது.

காக்களூர் தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருடம் இரும்பு கடைகிற லேத் ஓட்டியவன் குணாளன். இரும்புச் சுருள் கொட்டுகிற டிரம்முக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்த குட்டியை மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். நட்டு என்று பேர் வைத்தவனும் அவனே. போன வருடம் அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஐப்பசி முழுக்க அலைந்து, கார்த்திகையில் கும்மிடிப்பூண்டியில் பெயின்டிங் செக்‌ஷனில் ஒரு வேலை கிடைத்தது. நட்டுவுக்கு அதற்கு முன்பே கண்ணில் பூ விழுந்து, பார்வையும் காதும் போய்விட்டன. வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்கு இருந்தது. அதையெல்லாம் குணாளன் முகம் சுளிக்காமல் துடைத்தான். ஆனால் பொங்கல் கழிந்ததிலிருந்து அது அவனைப் பார்த்து உறும ஆரம்பித்தது. ரத்னாவிடம் உறுமவில்லை. வாரத்துக்கு ஒருநாள் வருகிற மீன்காரம்மாவிடம்கூட வாலை ஆட்டியது. அவன் செருப்பைக் கழற்றினால் போதும், மூலைக்குப் போய்ப் பல்லைக் காட்டும். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைய வேண்டியதாயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு குனிந்த ஒருநாள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. கடியின் வலி மூன்று நாளில் போனது. யார்டா நீ என்று அது கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. இதை எவனிடம் சொல்வது? பெற்ற பிள்ளை மறந்துவிட்டது என்றால்கூட உச்சுக் கொட்ட நாலு பேர் வருவார்கள்.

கவரைப்பேட்டை தாண்டி, முள்வேலி போட்ட ஒரு தோட்டத்தில் இருந்தது அந்த இடம். ஏஞ்சலின் என்கிற அம்மாள் நடத்துகிறாள், யாரும் வேண்டாம் என்கிற கிழட்டு நாய்களுக்காக. ஷெட்டுக்குள் இருபது இருபத்தைந்து கிடந்தன. மூன்று காலில் ஒன்று, முகமே நரைத்த ஒன்று. எதுவும் குரைக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. ஏஞ்சலின் நாற்காலியைக் காட்டினாள். நோட்டைப் பிரித்துப் பேர், வயசு, ஊசி எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"காரணம்? நானே சொல்லவா? ஹவுஸ் ஓனரா, வீசிங்கா, பிளாட்டா?"

வாசலில் நின்றிருந்த ஜெயராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

"இங்க வர்றவங்க சொல்றதப் பாத்தா நாட்ல இருக்குற ஹவுஸ் ஓனர்லாம் ராட்சசனுங்க. சும்மா கேக்குறேங்க, திட்றதுக்கு இல்ல. திட்னா அடுத்தவாட்டி இங்க கொணாரமாட்டாங்க, ஹைவேல எறக்கி உட்டுட்டுப் போய்ருவாங்க."

குணாளன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். நட்டு அவன் காலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப்போய், கயிறு இழுபடச் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு சைக்கிளோடு ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய ஆள், தோளில் அரிசிச் சிப்பம். "சாலமோன் அண்ணே, லேட்டு" என்றாள் ஏஞ்சலின். அவர் சிப்பத்தை இறக்குவதற்குள் நட்டு எழுந்துவிட்டது. பின்கால் நடுங்க நடுங்க மூக்கைத் தூக்கியது. வால் முதலில் மெதுவாகவும் பிறகு இடுப்பே ஆடுகிற மாதிரியும் ஆடியது. கயிற்றை இழுத்துக்கொண்டு போய்ச் சாலமோனின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, அவருடைய ஷூவின் மேல் தாடையை வைத்துப் படுத்து, ஒரு முனகல் முனகியது.

அந்த முனகல்! பன்னிரண்டு வருடம் தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் குணாளன் காலில் கேட்ட முனகல். அவனுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்றால் அப்படிப் பொறாமை. எழுந்துபோய் அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"நீங்க இத்த முன்னாடி பாத்துருக்கீங்களா?"

"இல்லியே நைனா. இப்பதான் பாக்கறேன்."

"எங்க வேல?"

"ஸிப்காட்ல. லேத்துப் பட்டற. ஷிப்டு முடிஞ்சி நேரா வர்றேன்."

பக்கத்தில் போனபோது குணாளனுக்கும் அது வந்து மோதியது. லேத்தில் ஊற்றுகிற கூலன்ட் எண்ணெயும் சூடு பட்ட இரும்பும் கலந்த வாடை. தன் கையை முகர்ந்து பார்த்தான். பெயின்டில் கலக்கிற தின்னர் நெடி. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத நெடி. கம்பெனியை மூடிய ஆத்திரத்தில், நாலு செட் பழைய யூனிபாரத்தையும் போகிக்கு வாசலில் போட்டுக் கொளுத்தியது அவன்தான். ரத்னா ஒன்றையாவது வைத்துக்கொள் என்றதற்கு, "தரித்திரம் தொலையட்டும்" என்று கடைசியையும் தூக்கி நெருப்பில் எறிந்தான். நட்டு அன்று புகையைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்தது. புகை நெடிக்குப் பயந்து கத்துகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"காரணம் இன்னான்னு போடட்டும்?" ஏஞ்சலின் இன்னும் பேனாவோடுதான் இருந்தாள்.

"கொஞ்சம் இரும்மா." குணாளன் சாலமோன் பக்கம் திரும்பினான். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டிக் குடுக்குறீங்களா?"

சாலமோன் ஏஞ்சலினைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பட்டனைக் கழற்றினார். அவர் ஒல்லி. சட்டை குணாளனுக்குத் தோளில் பிடித்தது, வயிற்றுப் பட்டன் மூன்றும் சேரவில்லை. அடுத்தவன் வியர்வையில் நனைந்த துணி முதுகில் ஒட்டியது. இதுவும் ஒரு பொய்தானே என்று தோன்றியது. தோன்றட்டும், இந்த ஒன்று மட்டும் எப்படியாவது எடுபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். சாலமோன் மெதுவாக ஷூவை உருவிக்கொண்டு பனியனோடு ஷெட்டுக்குள் போய்விட்டார். காலியான தரையில் நட்டு தாடையைத் தூக்கி, தலையை அங்கும் இங்கும் திருப்பியது.

குணாளன் நாலடி தள்ளி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, காது கேட்காது. தின்னர் நெடி அடிக்கிற இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நட்டு ஒரு அடி வைத்தது. தண்ணித் தொட்டியில் இடித்துக்கொண்டு, நின்று, ஒதுங்கி, மறுபடி அவன் பக்கமாக மூக்கை நீட்டியது. மூக்கின் இரண்டு துவாரங்களும் விரிந்து விரிந்து சுருங்கின. குணாளன் மூச்சை அடக்கிக்கொண்டு, பட்டன் சேராத அந்தச் சட்டையின் மார்பை முன்னால் நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான்.