பூட்டு சாவிக்கு விழாத ஓட்டுகள்

எழிலரசிக்கு முதல் மறுப்பு வந்தது 2006 பிப்ரவரியில். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுடைய தோழி சுபலட்சுமி நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்தாள். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, இடம் தர இயலவில்லை என்று நாலு வரியில் எழுதியிருந்தது. நாலு வரியும் அவ்வளவு மரியாதையாக இருந்ததால், மறுத்துவிட்டார்கள் என்பது இரண்டாம் முறை படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“இன்னாடி, மூஞ்சி இப்படிப் போவுது?” என்றாள் சுபலட்சுமி. இருவரும் பி.ஏ.வில் ஒரே பெஞ்ச். பட்டு நெசவுக் குடும்பம் சுபலட்சுமியுடையது. அண்ணன்கள் விசைத்தறி போட்டபோது, எனக்கும் ஏதாவது வைத்துக் கொடுங்கள் என்று சண்டை பிடித்து நாலு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டவள்.

“இல்லன்னுட்டாங்க.”

“எல்லாருமா?”

“ஒருத்தர்தான். இன்னும் மூணு பாக்கி கீது.”

“அப்ப இன்னாத்துக்கு அழுவுற? எந்திரி, வடை துன்னுட்டு வரலாம்.”

மார்ச் முடிவதற்குள் மேலும் மூன்று முறை வடை தின்றார்கள். நாலாவது முறை சுபலட்சுமியே பாதி வடையை வைத்துவிட்டாள்.

மறுப்பைவிடப் பெரிய பேஜார் ஊரில் இருந்தது. எழிலரசியின் அப்பா அய்யனார் மின்வாரியத்தில் வயர்மேன். படவேடு சாலையில் இருந்த அவர்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் அவர் ஃபியூஸ் போடப் போகாத வீடு கிடையாது. போன வீட்டிலெல்லாம், “எம் பொண்ணு அமெரிக்கா போவப் போவுது, டாக்டருக்குப் படிக்க” என்று சொல்லியிருந்தார். ஊசி போடுற டாக்டரா என்று கேட்டவர்களிடம், “இல்ல, அரசியல் டாக்டர்” என்று விளக்கினார். அரசியலுக்கு ஒரு டாக்டர் வேண்டியதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் அவள் பஸ் ஏறினால் கண்டக்டர், “இன்னாமா, ஃபிளைட்டு எப்போ?” என்பார். ஆரணியில் ஒரு கலைக் கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். அங்கே அலுவலகத்திலும் அதே கேள்விதான். அவள் சிரித்து வைப்பாள். பிறகு கூட்டம் அதிகமான பஸ்ஸாகப் பார்த்து ஏற ஆரம்பித்தாள். நெரிசலில் கண்டக்டருக்குப் பேச நேரம் இருக்காது.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். அய்யனார் கேட்டுக்கொண்டார். ஆனால் வெளியே போட்ட பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. “டெல்லி ஒண்ணு கீதே, அது வரட்டும்” என்றார். அங்கேயும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள்.

டெல்லி நேர்முகத் தேர்வுக்கு ஜூலையில் அழைப்பு வந்தது. அப்பாவும் மகளும் ரயிலேறிப் போனார்கள். டெல்லி என்றால் குளிரும் என்று யாரோ சொல்லி, அய்யனார் இரண்டு ஸ்வெட்டர் கடன் வாங்கி வந்திருந்தார். வெயில் பிளந்தது. பல்கலைக்கழக வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்வெட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே போனாள்.

ஐரோப்பிய நாடாளுமன்றங்களில் கூட்டணி ஆட்சிகள் என்பது அவள் எழுதிக் கொடுத்திருந்த தலைப்பு. அப்படி ஒன்று எழுதினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். அதில் வயதான பேராசிரியை ஒருவர், ஏன் இந்தத் தலைப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். எழிலரசி படித்த அறிஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள்.

“அதெல்லாம் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. உங்களுக்கு என்ன தெரியவேண்டும்?”

கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ளத்தான் அவர் கேட்டார். எழிலரசி அதே பெயர்களை மறுபடியும் சொன்னாள். மேசை மேலிருந்த தண்ணீரை எடுக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்ததே பின்னால் அவளுக்கு நினைவிருந்தது.

“நல்லா பேசினியா?” என்றார் அப்பா.

“பேசினேன் நைனா.”

திரும்பி வரும்போது எதிர் சீட்டில் இருந்த குண்டூர்க்காரரிடம் அவர் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாள் கழித்து வெளியான பட்டியலில் அவள் பெயர் இல்லை. அன்றைக்கு அய்யனார் கெட்டுப்போகாத ஒரு ஸ்விட்சைக் கழற்றி மாட்டினார். அம்மா பாஞ்சாலை, “வந்து சோறு துன்னு” என்றாள்.

செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. அவர்கள் காலனி இருந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வருஷம்தான் ஏரியில் நூறு நாள் வேலை ஆரம்பித்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை என்று பாஞ்சாலை மேற்பார்வைக்கு வந்தவரிடம் போட்ட சத்தத்தில் மறுநாளே இரண்டு குடம் வந்து சேர்ந்தது. ஏரி வேலைப் பெண்கள், “நீ நில்லுக்கா, மெம்பருக்கு” என்றார்கள். பாஞ்சாலையின் பெரியம்மா மகள் சின்னம்மாளையும் வேறு சிலர் நிற்கச் சொன்னார்கள். புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள் அவள். கடைசியில் அக்கா தங்கை இருவருமே நின்றார்கள். பாஞ்சாலைக்குப் பூட்டு சாவி சின்னம், சின்னம்மாளுக்குக் கை உருளை.

எழிலரசிக்கு நெடுநாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஐந்து வருஷம் அரசியல் படித்ததற்கு இது ஒன்றாவது நடக்கட்டும் என்று இறங்கினாள். சுபலட்சுமி நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாள். அம்மாவும் மகளும் காலனியில் ஒரு வீடு விடாமல் போனார்கள். போன இடத்தில் எல்லாம் டீ. எல்லோரும், “உனக்குப் போடாம யாருக்குப் போடறது?” என்றார்கள். அய்யனார் அரசாங்கச் சம்பளக்காரர், ஓட்டுக் கேட்டுப் போகக்கூடாது. வீட்டில் உட்கார்ந்தபடி விரல் விட்டு எண்ணி, பாதிக்குப் பாதி வித்தியாசத்தில் ஜெயம் என்று அறிவித்தார்.

பாஞ்சாலை பதினெட்டு ஓட்டில் தோற்றாள்.

ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடத்திலிருந்து விறுவிறுவென்று வீடு வந்தவள், வாசலில் செருப்பை விட்டதும் ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு உலை வைத்தாள். மறுநாள் காலை கூடையும் மண்வெட்டியுமாக ஏரிக்குக் கிளம்பினாள்.

“இன்னிக்கு ஒரு நாள் போவாட்டி இன்னாமா?” என்றாள் எழிலரசி.

“ஏன், நான் இன்னா திருடினேனா?”

எழிலரசிக்கு மனசு கேட்கவில்லை. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் கூடவே போனாள். ஏரியில் அம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஜெயித்த சின்னம்மாள் கூடையைத் தலையில் வைத்தபடி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள். பாஞ்சாலை நேராக அவளிடம் போனாள்.

“இன்னாடி மெம்பரு, நெழலுக்குப் பந்தல் எப்போ போடப் போற?”

சின்னம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “போடலாங்க்கா, மொத கையெழுத்து அதுக்குத்தான்.”

வேலை ஓடியது. மண் எடுத்துக் கொட்டி, களைத்து, கரையில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது பாஞ்சாலை பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

“ஏன்டி லீலா, நீ எனக்குப் போடலதானே?”

லீலா ஒரு வாய் கூழ் குடித்து முடித்தாள். “போடலக்கா.”

“ஏன்?”

“உன் பொண்ணு அமெரிக்கா போவுதாம். நாளைக்கு உன்னியும் இட்டுகினு பூடும். அப்புறம் மெம்பருக்கு நாங்க யாரத் தேடறது?”

எழிலரசி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அதெல்லாம் இல்ல” என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். “சின்னம்மாளுக்கு யாரு கீறாங்க? இந்த மெம்பர் வேலையாவது இருந்தா ஆபீசுல ஒரு நாற்காலி போடுவான். உனக்கு வயர்மேன் சம்பளம் கீது.”

கடைசியாக ஒரு கிழவி பேசினாள். “நான் சொல்றேன் கேளு பாஞ்சால. நீ நல்லா கத்துவ. மெம்பரானா அவங்களோட சேர்ந்து குந்திக்குவ, கத்த மாட்ட. எங்களுக்கு நீ வெளிய நின்னு கத்தினாத்தான் தண்ணி வரும்.”

பாஞ்சாலை கிழவியையே பார்த்தாள். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “அடிப்பாவி, கத்தறதுக்காகவா என்னத் தோக்கடிச்சீங்க?”

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எழிலரசி சொன்னாள்: “நான் அமெரிக்காவுக்குப் போவல லீலாக்கா. அவங்க என்ன எடுத்துக்கல. டெல்லியிலயும் எடுத்துக்கல.”

வெளியாட்கள் முன்னால் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, வானம் இடிந்து விழவில்லையே என்று பார்ப்பவள்போல ஏரியைப் பார்த்தாள்.

“ஏன் எடுத்துக்கலயாம்?” என்றாள் லீலா.

“தெரியல.”

“நீ கேக்கலயா?”

“கேட்டா சொல்ல மாட்டாங்க.”

“பாத்தியா?” என்றாள் பாஞ்சாலை எல்லோருக்கும் பொதுவாக. “எனக்காவது யாரு போடல, ஏன் போடலன்னு குந்தவெச்சி கேக்க முடியுது. பாவம், எம் பொண்ணு யாருன்னே தெரியாதவன்கிட்ட தோத்துட்டு வந்துகீது.”

எல்லோரும் சிரித்தார்கள். எழிலரசியும் சிரித்தாள். ஏழெட்டு மாதமாக நெஞ்சில் கட்டியிருந்தது அந்தச் சிரிப்பில் கரைந்துபோனதை அவள் அங்கேயே உணர்ந்தாள்.

பஸ்ஸில் கண்டக்டரிடமும் தானே போய்ச் சொன்னாள். “அண்ணா, ஃபிளைட்டு கேன்சல்.” அவர், “போனா போவுது, நம்ம பஸ்ஸு கீதே” என்று சொல்லி விசில் ஊதினார். இவ்வளவுதானா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் கிழவி சொன்னது அவளை விடவில்லை. நல்லவள், வல்லவள் என்று தெரிந்தே ஒருத்தியைத் தோற்கடிப்பார்கள், அதற்கு அவர்களிடம் சரியான காரணமும் இருக்கும் என்று அவள் படித்ததில்லை. படித்த புத்தகமெல்லாம் யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்றே பேசின. சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊராட்சிகளுக்குப் போய்த் தோற்றவர்களைத் தேடினாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் மூன்று மணி நேரம் விடவில்லை. சில ஊருக்கு சுபலட்சுமி தன் ஸ்கூட்டியில் கூட வந்தாள். பட்டுப் பாவாடைக்கு ஆர்டர் பிடித்ததுபோலவும் ஆயிற்று என்பது அவள் கணக்கு.

தோற்றவர்களை ஊர் ஏன் தோற்கடித்தது என்ற கேள்வியையே ஆராய்ச்சித் திட்டமாக எழுதினாள். ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது. 2007இல் டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் புதுச்சேரிக்கும் அனுப்பினாள். டெல்லி மறுபடியும் இல்லை என்றது. ஹைதராபாத்தில் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டும் வலிக்கத்தான் செய்தன. ஹைதராபாத் சேதி வந்த அன்றைக்கு, சுபலட்சுமி கூப்பிட்டும் அவள் வடைக்குப் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊராட்சிச் சட்டம் நடத்த எழுந்து போக முடிந்தது.

புதுச்சேரியில் நேர்முகத் தேர்வு. ஏன் இந்தத் தலைப்பு என்று அங்கேயும் கேட்டார்கள். அவள் ஏரிக்கரையைச் சொன்னாள். ஒரு பேராசிரியர், மக்கள் சொல்லும் காரணம் உண்மையான காரணமாக இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று மடக்கினார். எழிலரசி கொஞ்சம் யோசித்தாள். “கட்டாயமில்லை சார். ஆனால் தோற்றவரின் முகத்துக்கு நேராக அதைச் சொன்னார்கள். அப்படிச் சொல்லத் துணிய வைப்பது எது என்பதும் எனக்குத் தெரியவேண்டும்” என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவள் இரண்டுக்கும் சண்டை பிடித்தாள். வெளியே வந்தபோது பசி எடுத்தது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது என்று நினைத்தபடி ஒரு தட்டு பரோட்டா சாப்பிட்டாள்.

இடம் கிடைத்தது. சேதி கேட்ட அய்யனார், “புதுச்சேரியா? அதுக்கு பஸ்ஸுலயே பூடலாமே” என்றார் கொஞ்சம் ஏமாற்றமாக. அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்து, “அப்ப வாரா வாரம் வருவ” என்றார். பாஞ்சாலை மகள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். “ஜல்தியா முடிச்சிட்டு வா. அடுத்த எலெக்‌ஷனுக்கு நான் மறுபடி நிக்கிறேன்” என்றாள்.

2009 ஜனவரியில் ஒரு நாள் எழிலரசி சேத்துப்பட்டுப் பக்கம் ஓர் ஊருக்குப் போனாள். இரண்டு முறை தலைவர் பதவிக்கு நின்று இரண்டு முறையும் தோற்ற வீரன் என்பவரை விசாரித்து, அவர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து தேர்தல் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னதும், நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினார்.

“தலைவர் வீடு அந்தாண்ட, மேலத் தெருவுல.”

“இல்லீங்க. உங்களத்தான் பாக்க வந்தேன்.”

“நான் தோத்துப்போனவம்மா.”

“தெரியுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

வீரன் கையை உதறித் துண்டில் துடைத்துக்கொண்டார். அவளை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே திரும்பி, “பையன எழுப்பி டீத்தூள் வாங்கியாரச் சொல்லு, ஆள் வந்துகிறாங்க” என்று குரல் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எதிரில் கட்டிலில் உட்கார்ந்தார்.

“எங்கேர்ந்து சொல்லட்டும்? மொத தடவைலேர்ந்தா?”

“மொத தடவைலேர்ந்தே சொல்லுங்க” என்றாள் எழிலரசி. நாற்காலியை மர நிழலுக்குள் நகர்த்திப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.