சித்தி என்று கூப்பிட்டவன்

கருத்தரங்கு நாளைக்கு. இன்று ஒத்திகை. ஒரு பேராசிரியை, ஆறேழு ஆய்வு மாணவர்கள், ஓடுவதா நிற்பதா என்று முடிவு செய்யாத ஒரு மின்விசிறி. பேச்சாலும் எழுத்தாலும் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி வசப்படுத்துகிறார்கள் என்று ஆராய்வதுதான் அந்தத் துறைக்குப் பிழைப்பு. பாஸ் காட்டி அந்தப் பக்கம் போகிறவர்கள் வரிசையில் நிற்கும் எல்லைக் கேட் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

பேசிக்கொண்டிருந்தவன் கோட்டு. வெயிலோ மழையோ கோட்டைக் கழற்றாததால் வந்த பெயர். எல்லையில் நிற்பவர்கள் சொல்லும் பொய்கள்தான் அவன் தலைப்பு. ஸ்லைடில் மூன்று வரி: உறவுமுறை சொல்லி நெருங்குதல், இரக்கத்தைக் கிளறுதல், ஆபத்தில்லை என்று நம்பவைத்தல்.

"இப்ப ஒரு சாம்பிள்" என்று ஸ்பீக்கரைத் தட்டினான். அவன் பதிவு செய்துவைத்திருந்த ஒரு பெண் குரல் பேசியது.

"கேட்ல என்ன சொல்வேனா? தம்பி, எங்கக்கா முடியாம கிடக்கா, பாத்துட்டு வந்துடறேம்பேன். அக்கா போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு! நான் போறது லாண்டரிக்கு, இஸ்திரி போட."

அறை சிரித்தது. பேராசிரியைகூடச் சிரித்தார்.

சிரிக்காதவள் ஒருத்திதான். யாரும் பேசி முடிக்கும் முன்பே கேள்வி கேட்பதால் முந்திரிக்கொட்டை என்று பெயரெடுத்தவள், வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். அது அவள் சித்தியின் குரல். போய்ச் சேர்ந்த அக்கா அவளுடைய அம்மா. அந்த இஸ்திரிச் சம்பளத்தில்தான் அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சித்தியின் பாஸில் உறவினரைப் பார்க்க மட்டுமே அனுமதி. வேலைக்குப் போவது தெரிந்தால் அன்றோடு பாஸ் போய்விடும்.

எழுந்தாள்.

"அத எடுத்துடு."

"ஏன்? பேர் எதுவும் போடலையே. 'ஒரு பெண்'னுதான் போட்டிருக்கேன்."

"குரல் இருக்கில்ல? தினமும் அந்தக் குரலக் கேக்கிற கேட் ஆபீசருங்கதான் நாளைக்கு முன் வரிசையில உக்காரப் போறாங்க. மேடம், நீங்கதானே கூப்பிட்டிருக்கீங்க?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அனுமதி வாங்கினியாப்பா?"

"வாங்கினேன் மேடம். ரெக்கார்டிங்லயே இருக்கு."

"அப்ப அதையும் போடு" என்றாள் முந்திரிக்கொட்டை. "முதல்லேர்ந்து போடு."

கோட்டு நெளிந்தான். அவளே போய்த் தட்டினாள். கேட் வரிசையின் இரைச்சலுக்கு நடுவே தேன் ஒழுகும் குரல் ஒன்று வந்தது. கோட்டின் குரல்.

"சித்தி, நான் உங்க பொண்ணு கூடத்தான் படிக்கிறேன். நானும் உங்க பிள்ளை மாதிரிதான்."

அவள் ஸ்லைடின் முதல் வரியில் விரலை வைத்தாள். "உறவுமுறை சொல்லி நெருங்குதல்."

"இத எழுதலேன்னா என் படிப்பே போயிடும் சித்தி."

விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியது. "இரக்கத்தைக் கிளறுதல்."

"பயப்படாதீங்க. எங்க ரூம விட்டு வெளிய போகாது."

மூன்றாவது வரியை அவள் படிக்கவில்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சித்தியின் குரல் வந்தது: "அவ கூடப் படிக்கிறவனா? அப்ப கேளுப்பா."

அந்தச் சொல்தான் அவளைக் கொன்றது. சித்தி கோட்டை நம்பவில்லை, அவளை நம்பியிருக்கிறாள்.

"அது வேற, இது வேற" என்று முனகினான் கோட்டு.

"வேறதான். அவங்க பொய்யில ஒரு வீடு சாப்பிடுது. உன் பொய்யில உனக்குப் பட்டம் கிடைக்கும். நீ மட்டும் ஆராய்ச்சியாளன், அவங்க மட்டும் பொய்க்காரியா? எங்கம்மா செத்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

சிரித்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"அழிச்சிடு" என்றார் பேராசிரியை. "கட்டுரையிலயும் இருக்கக் கூடாது." அவருக்கும் முகம் சிவந்திருந்தது. ஆனால் தன் சிரிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

லேப்டாப்பிலும் போனிலும் அவன் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளின் பின்னாலேயே வாசல்வரை வந்தான் கோட்டு.

"தப்புதான். நான் வேணா வீட்டுக்கு வந்து சித்திகிட்ட மன்னிப்பு..."

அவள் திரும்பினாள்.

"சித்தி எனக்கு. உனக்கு மேடம்."