பூங்காவனம் ஆன்டியின் வாய்

"தலை எனக்கு வேணும்."

ஷாமினி இதைச் சொன்னபோது யுகேந்திரனின் வாயில் பாதி வடை, கையில் பாதி வடை. அவர் மென்று முடிக்கும்வரை அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தப் பட்டறையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம். புதுக் கத்தரிக்கோல் கேட்கலாம். ஏர்கோன்கூடக் கேட்கலாம், கிடைக்காது, ஆனாலும் கேட்கலாம். தலையை மட்டும் கேட்கக் கூடாது. பொம்மைகளுக்கு உடை தைக்கும் சீதாலெட்சுமி அக்கா, ஷாமினி வேலைக்குச் சேர்ந்த அன்றே உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு இதைச் சொல்லிவிட்டார். உனக்கு முன்னால் இருந்த பெண் ஒரே ஒரு முறை கேட்டாள், இப்போது காஜாங்கில் கைப்பேசிக் கடையில் நிற்கிறாள் என்றார்.

தலை என்றால் பூங்காவனம் ஆன்டியின் தலை. ஆன்டி முக்கால் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. உள்ளே ஸ்பாஞ்சு, மேலே தோலுக்குப் பதிலாகப் பழுப்பு நிற ஃபிளீஸ் துணி, தலையில் கொண்டை, கழுத்தில் கவரிங் சங்கிலி. திரைக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்தால்தான் அவருக்கு உயிர் வரும். ஒருவர் தன் வலது கையை ஆன்டியின் வாய்க்குள் விட்டு, இடது கையை ஆன்டியின் இடது கையாக்கிக்கொள்வார். அவர்தான் தலை, பேச்சும் அவருடையது. மிச்சமிருக்கிற வலது கைக்கு இன்னொரு ஆள். குழுவை நடத்தும் யுகேந்திரன்தான் தலை; இரண்டு வருஷமாக ஷாமினி அந்த வலது கை.

அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் பண்டமாரான் வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது. அம்மா வீரம்மா துறைமுகக் கிடங்கில் லோரிகளுக்குச் சரக்கு எண்ணி ஏற்றி அனுப்புகிறவர். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மீடியா என்பார். என் மகள் ஒரு கை என்று எந்த அம்மாதான் சொல்வார்?

யுகேந்திரன் ஒருவழியாக வடையை விழுங்கினார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஷாமினிக்கு இன்னும் எரிச்சல். ஜனங்களுக்குத் தெரிந்தது தன் குரல் என்றார். அந்தக் கீச்சுக் குரலுக்குத்தான் கிள்ளான்வரை கூப்பிடுகிறார்கள் என்றார். பிறகு, ஏதோ பெரிய தொழில் ரகசியத்தைப் பெருந்தன்மையோடு கற்றுத்தருகிறவர்போல, "ஆம்பள பொம்பள மாதிரி பேசுனா காமெடி லா, ஷாமினி. பொம்பளயே பேசுனா அதுல என்ன இருக்கு? சும்மா பேச்சு" என்றார்.

"நீங்க பேசுறப்ப ஆன்டி கூரையைப் பாக்குறாங்கண்ணே."

அது உண்மை. வாயைத் திறக்கக் கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும்; யுகேந்திரன் நான்கு விரல்களையும் மேலே தூக்குவார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆன்டியின் மண்டை பின்னால் சாய்ந்து, கூரையில் பல்லியைத் தேடுவதுபோல இருக்கும். பிள்ளைகள் பார்த்ததெல்லாம் ஆன்டியின் வலது கையைத்தான். அது முந்தானையைச் சரிசெய்யும், ஈ விரட்டும், தலைக்காரர் உளறும்போது நெற்றியில் அடித்துக்கொள்ளும். இது யுகேந்திரனுக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் நிற்கிறவருக்கு முன்பக்கம் தெரியாதல்லவா.

இத்தனை நாள் பொறுத்தவள் இப்போது கேட்டதற்குக் காரணம் சனிக்கிழமை. கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பண்டிகைச் சந்தை, அதில் ஆன்டியின் நிகழ்ச்சி. கிடங்கில் வேலை பார்க்கும் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு அம்மா வேன் பிடித்து வருகிறார். ஆன்டியின் நகைச்சுவையோ மொத்தமும் அவர் உடம்பைப் பற்றியது. நான் உட்கார்ந்தால் நாற்காலி அழும், நான் ஏறினால் லோரிக்கு மூச்சு வாங்கும், இப்படியே அரைமணி நேரம். லோரியோடு மல்லுக்கட்டியே இடுப்பு போன ஏழு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பதா? அதோடு, ஆன்டியின் புருவங்கள் அச்சு அசல் வீரம்மாவுடையவை. ஷாமினிதான் துணியில் வெட்டி ஒட்டினாள்.

ஆம், இந்த ஆன்டி புது ஆன்டி. பழைய ஆன்டியின் ஸ்பாஞ்சு மலேசியப் புழுக்கத்தில் மட்கி, மஞ்சள் பொடியாக யுகேந்திரனின் சட்டையில் கொட்ட ஆரம்பித்து, போன மாதம் தாடையும் கிழிந்தது. புதியதைச் செய்யும் வேலை ஷாமினிக்கு வந்தது. காகிதத்தில் அவளே வரைந்த அளவுகள், அவளே வெட்டிய ஸ்பாஞ்சு, பசை நாற்றத்தில் மூன்று வாரம். கடைசியில் வாய். வாய்க்குள்ளே மேல்பக்கம் நான்கு விரலுக்கு ஒரு பட்டை, கீழே கட்டைவிரலுக்கு ஒரு பை. இரண்டையும் ஆட்டுகிறவர் கைக்கு அளவெடுத்து ஒட்ட வேண்டும். பசை காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். கையளவு கொடுக்க வாங்க என்று யுகேந்திரனுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினாள். முதல் முறை கட்டைவிரல் படம் வந்தது. இரண்டாம் முறை, பழைய சைஸ்லயே போடு லா, இதுக்கெல்லாம் நானா வரணும் என்று வந்தது.

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. அறையில் இருந்த ஒரே கை அவளுடையது. அதற்கே ஒட்டினாள்.

தலையைக் கேட்ட அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேர்மையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள், கேட்டாள், சும்மா பேச்சு என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எதற்குச் சொல்வது?

சனிக்கிழமை, திரை விலக ஐந்து நிமிடம். யுகேந்திரன் முதல்தடவையாகக் கையைப் புது ஆன்டியின் வாய்க்குள் விட்டார். விரல் முட்டி வரைக்கும் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. முறுக்கினார், மோதிரத்தைக் கழற்றினார், தேங்காய் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். ஆன்டி அவருடைய முட்டியைக் கவ்விக்கொண்டு விடாமல் பார்த்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"அளவு குடுக்க வரச் சொன்னேன். நீங்க வரல."

சீதாலெட்சுமி அக்கா சட்டென்று ஆன்டியின் முந்தானையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது.

வெளியே பிள்ளைகள் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லை. யுகேந்திரன் அவசரமாக ஒரு திட்டம் போட்டார்: வாயை ஷாமினி ஆட்டட்டும், வலது கையை நான் பார்த்துக்கொள்கிறேன், அது இழுபடும் துணிக் கையுறைதான், என் கை நுழைந்துவிடும். குரல் மட்டும் என்னுடையது. மைக் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கட்டும். நீ வாயைத் திறந்து மூடினால் போதும், வேற ஒண்ணும் யோசிக்காதே என்றார்.

முதல் பத்து நிமிடம் அப்படியேதான் போயிற்று. ஆன்டி முதன்முறையாகக் கூரையை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்துப் பேசினார். ஷாமினி கட்டைவிரலை இறக்கினால் சொல் விழுந்தது. பக்கத்தில் யுகேந்திரனுக்கு வேர்த்தது. வலது கை என்பது அடுத்தவர் பேச்சைக் கேட்டுச் செய்யும் வேலை, அவருக்குப் பழக்கமில்லை. ஆன்டியின் கை காரணமே இல்லாமல் விமானத்தை நிறுத்துவதுபோல ஆடியது.

பிறகு அந்த வரி வந்தது.

"நான் லோரில ஏறுனா, லோரிக்கே மூச்சு வாங்குது லா" என்று கீச்சுக் குரல் மைக்கில் பாய்ந்தது.

ஆன்டியின் வாய் திறக்கவில்லை.

குரல் வந்துவிட்டது, வாய் மூடியே இருக்கிறது. மண்டபம் ஒரு கணம் குழம்பியது. ஆன்டி மெல்ல இடது பக்கம் திரும்பினார். வலது பக்கம் திரும்பினார். குனிந்து தன் வயிற்றையே பார்த்தார். ஒரு பிள்ளை சிரித்தது, அப்புறம் ஒரு வரிசை. ஷாமினி தவறவிட்டாள் என்று நினைத்து யுகேந்திரன் அதே வரியை இன்னும் சத்தமாகச் சொன்னார். ஆன்டி வாயை இன்னும் இறுக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த தன் வலது கையை இடது கையால் பிடித்து, மடியில் வைத்து அமுக்கினார். பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டார்கள்.

ஷாமினி மைக்கின் பக்கம் சாய்ந்தாள். கீச்சுக் குரல் இல்லை, பண்டமாரான் வீட்டுக் குரல்.

"யாருப்பா அது, எனக்குள்ள உக்காந்துக்கிட்டு பேசுறது? நான் எதுக்கு லோரில ஏறணும்? இருபது வருஷமா லோரிய ஏத்தி அனுப்புறதே நான்தான்."

முன்வரிசையில் ஏழு பெண்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து முறுக்குக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அதில் ஒரு சிரிப்பு ஷாமினிக்குத் தெரிந்த சிரிப்பு. ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும்.

மிச்ச நேரத்தை ஆன்டி தானே பேசி முடித்தார். யுகேந்திரன் மைக்கைப் பிடுங்கப் பார்க்கவில்லை. மைக்குக்கு எட்டும் கை ஒன்றுதான்; அதுவும் ஆன்டியின் பிடியில் இருந்தது.

திரை மூடியதும் திட்டு விழும் என்று ஷாமினி காத்திருந்தாள். விழவில்லை. யுகேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சந்தைக்காரர்கள் அதற்குள் இன்னும் இரண்டு நிகழ்ச்சி கேட்டுவிட்டார்களாம். அந்த வாயை மூடுகிற இடம் சூப்பர், எப்படித் தோன்றியது என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சொன்னார்:

"செவ்வாக்கெழம காலைல நானே அளவு குடுக்க வரேன். வாயப் பிரிச்சு என் கைக்கு மாத்திரு. இனிமே அந்த காமெடிய நானே பண்ணிக்கிறேன். நீ பழையபடி வலது கை. உன் கை நல்ல கை, ஷாமினி."

ஷாமினி ஆன்டியைத் தாங்கியில் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, புருவத்தை ஒருமுறை தடவிவிட்டாள். ஆன்டி குழுவின் சொத்து. அவள் எடுத்துப்போக முடியாது, நினைக்கவும் இல்லை. தன் கத்தரிக்கோலையும் தான் வரைந்த அளவுக் காகிதங்களையும் மட்டும் பையில் சுருட்டி வைத்தாள். சீதாலெட்சுமி அக்கா தன் பங்குக்கு ஒரு பொட்டலத்தை அதன் மேல் திணித்தார். உள்ளே இரண்டு மீட்டர் பழுப்பு ஃபிளீஸ், இன்னொரு பொம்மைக்குப் போதுமான தோல். அதை வாங்கி வைக்கச் சொல்லி, வியாழக்கிழமையே தன் சம்பளத்திலிருந்து அக்காவின் கையில் பணம் கொடுத்திருந்தாள் ஷாமினி. சும்மா பேச்சு என்ற பதில் வந்த அன்று.

"மாத்துறதுக்கு வேற ஆளப் பாருங்கண்ணே. வலது கைக்கும்தான்."

"ஏய், எங்க போற? மூணு மணிக்கு இன்னொரு ஷோ இருக்கு லா."

இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஏழு பெண்கள் வேனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் நின்று, இடது கையால் தன் வலது கையைப் பிடித்து அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஷாமினி பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித் திறந்து வெயிலில் இறங்கினாள்.