பதினேழாம் எண் உறை

தையல்காரம்மாவை மாடித்தோட்டக் குழுவில் எல்லோரும் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு எந்த விதை போனது என்று கணினியில் எண் போட்டு, பெயர் போட்டு வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "எழுதி வைக்காத தோட்டமெல்லாம் ஒரு தோட்டமா?" என்று போன வாரம்கூட யாரையோ வாரியிருந்தாள்.

அன்று காலை பத்தரை மணிக்கு மாடியில் முதல் சுரைக்காயை அறுத்து, வழக்கம்போல ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். குமட்டும் கசப்பு. துப்பிவிட்டு மூன்று முறை வாய் கொப்பளித்தாள். கசக்கும் சுரைக்காய் விஷம் என்பது அவளுக்குத் தெரியும். போன வருஷம் விதைக்கு விட்ட கொடியில் பேய்ச்சுரையின் மகரந்தம் எப்படியோ கலந்திருக்க வேண்டும். அந்தக் காயின் விதையில் பாதியைத் தான் வைத்துக்கொண்டு, மீதியைப் பதினேழாம் எண் உறையில் போட்டு யாருக்கோ கொடுத்திருந்தாள். அங்கேயும் இந்நேரம் காய்த்திருக்கும்.

யாருக்கு? அதற்குத்தானே பட்டியல் என்று கணினியைத் திறந்தாள். பதினேழுக்கு நேரே 'தபால்காரர்' என்று இருந்தது. உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"எனக்கு நீங்க குடுத்தது வெண்டை விதையாச்சேக்கா" என்றார் அவர்.

முந்தின நாள் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அகர வரிசையில் இருந்தால் அழகாக இருக்குமே என்று பெயர்ப் பத்தியை மட்டும் பிடித்து அடுக்கியிருந்தாள். பெயர்கள் இடம் மாறின. எண்களும் விதைகளும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அதையே சேமித்து மூடியும் விட்டாள்.

கணினி பழுதுபார்க்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"முழு அட்டவணையையும் சேர்த்துப் பிடிச்சுதான் அடுக்கணும்னு சொன்னேனா இல்லையா? சரி விடு. தினம் மத்தியானம் ஒரு மணிக்கு அது தானா நகல் எடுத்து வைக்கும். அதுல பழசு இருக்கும், பாரு."

"கரண்ட் வீணாகக் கூடாதுன்னு நான் தினம் பன்னண்டரைக்கே மெயினை அணைச்சிடுவேனே!"

பழைய நகலே இல்லை என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, பேசாம குழுவுல எல்லாருக்கும் சொல்லிடு."

சொல்லலாம். ஆனால் பட்டியலக்காவே பட்டியலைக் கோட்டைவிட்டாள் என்று ஊரே சிரிக்குமே! தானே கண்டுபிடித்துவிடலாம் என்று பழைய கோப்புகளைத் துழாவினாள். குப்பைக்கூடையைக் கிளறி, கிழித்துப்போட்ட காகிதங்களைக்கூட ஒட்டிப் பார்த்தாள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ, யார் தட்டில் விழுகிறதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு மேல் தாங்கவில்லை. "என்கிட்ட விதை வாங்கினவங்க யாரும் சுரைக்காயைச் சாப்பிடாதீங்க. விஷம்" என்று குழுவில் போட்டாள்.

மறு நிமிடமே கீழ்வீட்டு நர்ஸ் கூப்பிட்டாள்.

"என்னக்கா சொல்றீங்க? எனக்கும் சுரை விதைதானே குடுத்தீங்க? இன்னிக்குத்தான் முதல் காய். கசக்குதுன்னு பாப்பா அடம் பிடிக்கிறா, நான் அதட்டி ஊட்டிக்கிட்டு..."

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். விழாமல் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

பாப்பா நாற்காலியில் வாயை இறுக மூடிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர், சட்டையெல்லாம் துப்பிய காய். கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது.

"ஒரு வாய்கூட உள்ள போகலக்கா. நானும் இன்னும் தொடல" என்றாள் நர்ஸ்.

தையல்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பிடிவாதக்காரியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

நர்ஸ் குழந்தையின் வாயைக் கழுவி, கிண்ணத்தையும் சட்டியையும் குப்பையில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"நல்லவேளை, தெரிஞ்ச உடனே சொன்னீங்க. எப்பக்கா தெரிஞ்சது?"

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். 'இப்பத்தான்' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பாப்பா விக்கிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பத்தரைக்கே தெரியும்" என்றாள்.