அலசாத நார்த்தூள்

பாணேர் புறநகரில் அந்த அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த நிலத்தை மண் என்று சொல்வதே அதிகம். கடப்பாரை போட்டால் பொறிதான் பறக்கும். அதனால் ரமா செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டினாள். காய்ந்த இலை, சாணி எரு, விலைக்கு வாங்கிய செம்மண், ஈரம் தங்குவதற்குத் தேங்காய் நார்த்தூள். மழை ஏமாற்றிவிட்ட 2004 கோடை அது. குழாயில் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வந்தால் பெரிய விஷயம்.

நார்த்தூளில் உப்பு இருக்கும், மூன்று தடவை அலசாமல் போடாதீர்கள் என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்று தடவை என்றால் பன்னிரண்டு வாளி. ரமா ஒரு தடவைகூட அலசவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே கொட்டிக் கிளறிவிட்டாள். கம்பெனியில் அடுத்தவர் செய்த வேலையில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

பாத்தியில் பாதி, தரைத்தளத்து சியாமளா மாமிக்கு. அதற்குப் பதிலாகத் தினமும் தண்ணீர் விடுவது மாமியின் பொறுப்பு.

"துணி அலசின கடைசித் தண்ணியை விடலாமோடி?"

"தாராளமா விடுங்கோ மாமி."

மூன்றாவது வாரம் இருபது கத்திரி நாற்றில் பதினைந்து ஓரம் கருகிச் சாய்ந்தன. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் ரமாவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் மாமி முந்திக்கொண்டாள்.

"என் சோப்புத் தண்ணிதான் கொன்னுடுத்து. ஆசை ஆசையா வெச்சியே."

உண்மையைச் சொல்லத்தான் ரமா வாயைத் திறந்தாள். "பரவாயில்ல மாமி, விடுங்கோ" என்று வந்தது. அதிலும் பெரிய மனது பண்ணி மன்னிக்கிற தோரணை வேறு. நான்கு நாள் அந்தச் சொல் அவளைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் மாமியின் முகம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை, சொல்லிவிடுவது என்று இறங்கி வந்தாள். மாமி பாத்தியில் தெளிந்த தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள். செங்கல் இடுக்கு வழியே காவி நிறத்தில் வடிந்தது.

"சோப்பெல்லாம் இறங்கட்டும்னு நாலு நாளா நல்ல தண்ணி விடறேன். பாரு, மிச்ச அஞ்சும் துளிர்த்துடுத்து."

"இவ்வளவு தண்ணி ஏது மாமி?"

"நானும் மாமாவும் குளிக்காம ஈரத்துணியால துடைச்சுக்கறோம். அவருக்குத்தான் முதுகெல்லாம் வேர்க்குரு, பாவம்."

ரமா சொல்லிவிட்டாள். "மாமி, சோப்பு இல்ல. நார்த்தூள்ல உப்பு. நர்சரிக்காரர் அலசச் சொன்னார், நான் அலசல. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

மாமி வாளியைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தெரிஞ்சுண்டேவா பரவாயில்லன்னு சொன்னே?"

வாளியில் இன்னும் பாதி இருந்தது. மாமி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"மாமா குளிக்கட்டும்."

மறுநாளிலிருந்து ரமா தன் வீட்டுத் தண்ணீரை மூன்று மாடி இறக்கிப் பாத்தியில் விட்டாள். பன்னிரண்டு வாளி ஆவதற்கு மூன்று நாள் பிடித்தது. மாமி வீட்டு ஜன்னல் திறந்தேதான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.