பத்தாவது படிவம்

முதியோர் மனநல நிபுணராகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். மருத்துவக் கல்லூரி ஐந்து, பொதுப்பயிற்சி இரண்டு, மனநலம் மூன்று, முதியோர் மனநலம் மூன்று. நடுவில் பிள்ளை பெற்று, பகுதி நேரமாகப் படிப்பவர்கள் முடிப்பதற்குள் நோயாளியாகவே சேரும் வயதை எட்டிவிடுவார்கள்.

நான் கடைசி ஆண்டின் கடைசி வாரத்தில் இருந்தேன். அழுத நோயாளியைப் பார்த்து என்ன உணர்ந்தேன் என்று ஐநூறு சொல், அழாத நோயாளியைப் பார்த்து ஐநூறு சொல், எல்லாம் பயிற்சிக் கோப்பில் பதிவேற்றியாகிவிட்டது. நோயாளிகள் என்னைப் பற்றி நிரப்பித் தர வேண்டிய பத்துப் படிவங்களில் ஒன்றுதான் பாக்கி. அது இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கூடும் குழு என் பயிற்சியை ஆறு மாதம் நீட்டிவிடும்.

புதன்கிழமை, வட இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் ஆர்ச்சி என்ட்விசில் வீட்டுக்குப் போனேன். வயது எண்பத்து மூன்று. முப்பது ஆண்டு ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து பாதி ஊரை ஃபெயிலாக்கியவர். மறதி கூடிவிட்டதால், அவர் இனி கார் ஓட்டலாமா என்று நான் சோதிக்க வேண்டும்.

கடிகாரம் வரையச் சொன்னேன். எண்களெல்லாம் ஒரே பக்கம் கூடி நின்றன.

“ரவுண்டானாவுல எப்படிப் போவீங்க சார்?”

“ஏன், எங்கிட்ட கத்துக்க வந்தியா தம்பி?”

“சும்மா சொல்லுங்க.”

“மொதல்ல இடப்பக்கம்... இல்ல, இரு.” ஜன்னலுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தார். “இத புடுங்கிட்டா ஷீலாவப் பாக்க எப்படிப் போவேன்? அவ இருக்கிற முதியோர் ஹோமுக்கு பஸ் கிடையாதுப்பா.”

அதைத் தட்டச்சு செய்துகொண்டேன். பிறகு கூச்சமில்லாமல் படிவத்தை நீட்டினேன்.

“எல்லாத்துக்கும் ‘மிக நன்று’ன்னு டிக் போட்டாப் போதும் சார்.”

“பரீட்சைக்கு வந்தவனே மார்க்கும் சொல்றானே! முப்பது வருஷத்துல இப்படி ஒருத்தனப் பாத்ததில்லப்பா.”

நடுங்காத கையால் எழுதினார்: “நாற்பது நிமிடத்தில் என் முகத்தைப் பார்த்தது இரண்டு முறை. மற்ற நேரமெல்லாம் மடிக்கணினி. என் மனைவியைப் பற்றிச் சொன்னபோதும் அதேதான். தேர்ச்சி இல்லை. பழகிவிட்டு மறுபடி வரலாம்.”

வேறு நோயாளியைத் தேட நாளில்லை. அதையே பதிவேற்றினேன்.

வெள்ளிக்கிழமை, திரையில் மூன்று முகங்கள். தலைவர் டாக்டர் கார்சைட் கேட்டார்: “படிவம் பத்தும் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“சூப்பர். வாழ்த்துகள், டாக்டர் ஹோல்ராய்ட்!”

கூட்டம் ஆறு நிமிடத்தில் முடிந்தது.

ஆர்ச்சியைப் பற்றிய என் அறிக்கையை அன்றே ஓட்டுநர் உரிமத் துறைக்கு அனுப்பினேன். அவர்கள் ஒரு வரி விடாமல் படித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதி தவறு என்று திருப்பிக்கூட அனுப்பினார்கள். திருத்தி அனுப்பினேன். அவருடைய உரிமம் பறிபோன அதே வாரத்தில்தான் என் நிபுணர் சான்றிதழ் வந்தது.