இரண்டாவது மாடிக் கடல்

சிப்பிக்காரியின் சமையலறைக்குள் கடல் முதன்முதலாக ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கழிமுகம் அங்கிருந்து முக்கால் மைல் தள்ளி, மேட்டுத் தெருவுக்கும் கீழே. பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் கிளம்பிய தண்ணீர் முதலில் அவள் கணுக்காலையும், மதியத்துக்குள் முழங்காலையும் தொட்டது. கூடத்துப் பக்கம் போகவில்லை. சமையலறை வாசற்படியில் கண்ணாடி வைத்து அடைத்ததுபோல் நின்றுகொண்டது. அவள் கத்தவில்லை. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இருபத்தேழு" என்றாள், கேட்க ஆளில்லாத வீட்டில். ஆயிரம் பங்கு தண்ணீரில் இருபத்தேழு பங்கு உப்பு. சிப்பி வளர்க்கிறவர்கள் கும்பிட்டுக் கேட்டாலும் கிடைக்காத கணக்கு அது. அடுப்பை அணைத்துவிட்டு முக்காலிமேல் ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்குத் தண்ணீர் வந்த வழியே போயிற்று. தரையில் ஒரு கைப்பிடி மணலும், துள்ளிக்கொண்டிருந்த இரண்டு இறாலும், யாருடையதோ இடதுகால் செருப்பும் கிடந்தன.

ஊரில் அவளுக்கு 'நாக்கு' என்று பெயர். கருவியே இல்லாமல் தண்ணீரின் உப்பைச் சொல்லிவிடுவாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் எதிரில் யாரும் சொல்வதில்லை. அந்த நாக்கு அப்போது ஒரு மாதமாகப் புருஷனிடம் மட்டும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில், ஆற்றுத் தண்ணீர் கழிக்குள் இறங்க ஆரம்பித்த இரண்டாம் நாளே, சிப்பிப் பைகளையெல்லாம் முகத்துவாரத்துப் பக்கம் நகர்த்திவிடலாம் என்று அவள் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறு, விட்டுரும்" என்றார். பன்னிரண்டு நாள் விடவில்லை. நல்ல தண்ணீர் பட்டால் சிப்பி வாயை மூடிக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் எத்தனை நாள்தான் மூச்சை அடக்கும்? ஒன்பதாம் நாள் திறந்தன, பதினோராம் நாள் நாறின. மூன்று வருஷத்து வளர்ப்பு. போதாக்குறைக்கு ஒரு சாண் சேறு வந்து பண்ணை முழுக்கப் படிந்துவிட்டது. சேற்றில் சிப்பிக்கு மூச்சு முட்டும். அது கரைந்துபோக இரண்டு வருஷமாவது ஆகும். அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சட்டைகளையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருந்த தங்கை வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

கடல் மறுநாளும் வந்தது, ஐம்பது நிமிஷம் தாமதமாக. அதற்கு மறுநாள் இன்னும் ஐம்பது நிமிஷம் தள்ளி. கடலுக்கு அதுதான் முறை என்பதால் சிப்பிக்காரிக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. முதல் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் கூரையை ஒட்டடைக் கம்பால் தட்டிப் பார்த்தார். எலும்புபோலக் காய்ந்திருந்தது. இது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போனார். மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேஜையின் கால்களில் மிளகு மிளகாக ஏதோ ஒட்டியிருப்பதைச் சிப்பிக்காரி பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிப்பிக் குஞ்சுகள். கத்தியால் நோகாமல் நெம்பி எடுத்து, வலைப் பைகளில் போட்டு, பரண் கொக்கியிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் இறங்கும் சில மணி நேரம் காற்றில் தொங்கினால் ஓடு கெட்டிப்படும், பாசியும் காய்ந்து உதிரும். அதற்கேற்ற உயரமாகப் பார்த்து முடிச்சுப் போட்டாள். அடுப்பு மேடைப் பக்கம் தொங்கியவை கதகதப்பில் மளமளவென்று வளர்ந்தன. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தவை உம்மணாமூஞ்சிகளாக அப்படியே இருந்தன. வாரம் ஒருமுறை இடம் மாற்றிவிட்டாள். ஒவ்வொரு பையையும் குலுக்கிப் புரட்டினாள், இல்லாவிட்டால் சிப்பி குழிவில்லாமல் வாழைப்பூ மடல்போல நீண்டுவிடும். சமையலை இறக்கத்து நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் பழகினார்கள்.

பதினோரு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் எதிர்க்கரைக்காரர் மனுப் போட்டார். கழியின் அந்தப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த அவருக்கு இந்தப் பக்கத்தின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஒரு வருஷம் சிப்பி வளர்க்காதவருடைய பண்ணை உரிமத்தை வேறு ஆளுக்கு மாற்றலாம் என்று விதி இருந்தது. சிப்பிக்காரி விதியை வரவழைத்துப் படித்தாள். 'கடல் ஏறி இறங்கும் நீரில் சிப்பி வளர்ப்பவர்' என்றுதான் அதில் எழுதியிருந்தது, எத்தனையாவது மாடி என்று எழுதவில்லை. வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டாள்.

பரிசோதகர் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியோடு வந்தார். பின்னாலேயே எதிர்க்கரைக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். நாத்தனாரும் வேடிக்கை பார்க்க ஏறி வந்து சமையலறை வாசலில் நின்றாள். பைகள் தொங்கின, சிப்பிகள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தன, ஆனால் தரை காய்ந்து கிடந்தது. பதினொன்று இருபதுக்கு ஏற்றம் என்று சிப்பிக்காரி சொல்லியிருந்தாள். பதினொன்று இருபது ஆயிற்று. பதினொன்றே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பரிசோதகர் பேனாவை மூடினார்.

"கழியில வளர்த்ததை இங்க கொண்டுவந்து மாட்டியிருக்காங்க சார்," என்றார் எதிர்க்கரைக்காரர். "மாடியில கடலாம்! கேக்கறவன் கேனையனா இருந்தா..."

சிப்பிக்காரி தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு வருஷமாக ஒரு நாள் தவறாத தண்ணீர், கூப்பிட்ட சபையில் வராமல் காலை வாரிவிட்டதே என்று மனசுக்குள் திட்டினாள். அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷன். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஏறி வருகிறவர், தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளிபோலத் தயங்கி நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க சார்," என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அண்ணன் இதைத்தானா எடுத்துக்கொண்டு வரவேண்டும்! சிப்பிக்காரி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிப்பிகளே வாயை மூடிக்கொண்டிருக்கும். அவர் பின்வாங்கவில்லை. "காலையிலேர்ந்து கரைக்காத்து அடிக்குது. கரைக்காத்து அடிச்சா ஏத்தம் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப் போகும். தினம் கீழே உட்கார்ந்து படியில காது வச்சுக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். கண்டிப்பா வரும்."

"தினமுமா?" என்று பரிசோதகர் கேட்டார்.

"ஒரு நாள் விட்டதில்ல."

சிப்பிக்காரி ஜன்னலைத் திறந்தாள். காற்று அவள் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து கடலைப் பார்த்துப் போயிற்று. மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். பேசாமல் நாலாவதையும் போட்டாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு பத்துக்குத் தொட்டிக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்தது. பிறகு கடல் வந்தது, தாமதமாக வந்ததற்கு ஈடுகட்டுவதுபோல வழக்கத்தைவிட வேகமாக. பரிசோதகர் அலறி எழுந்து, அலறியதற்கு வெட்கப்பட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்தார். எதிர்க்கரைக்காரர் மட்டும் மசியவில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, இதைப் போய்க் கடல் என்கிறார்களே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நண்டு அவர் கால் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. "தொட்டியில நண்டு வளர்க்கற வழக்கமாண்ணே உங்க வீட்டுல?" என்று நாத்தனார் கேட்டாள். சிப்பிக்காரி விரலை நக்கி, இருபத்தாறரை என்றாள். கருவியும் இருபத்தாறரை என்றது. வெப்பம் சரி, ஓட்டம் சரி, கலங்கல் இல்லை. படிவத்தில் 'அடித்தளம்: சேறு, மணல், பாறை' என்ற இடத்தில் மூன்றையும் அடித்துவிட்டு 'மொசைக்' என்று பரிசோதகர் எழுதினார். அருகிலுள்ள கரை என்ற இடத்தில் 'கூடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கரைக்காரர் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

புருஷன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். போவதா இருப்பதா என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பிக்காரி ஒரு பையை அவிழ்த்துக் குலுக்கினாள். அடுத்ததையும் குலுக்கினாள். மூன்றாவது பையில் கையை வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பேன்ட்ட மடிச்சு விடுங்க. நனையுது."

அவர் மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இரண்டு பேருமாக அன்று எல்லாப் பைகளையும் புரட்டினார்கள். சாயங்காலம் நாத்தனாரே சவரப் பெட்டியைக் கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்டுப் போனாள். தினம் இரண்டு ஏற்றத்துக்கும் ஒரு ஆள் போதாது, அதனால்தான் அண்ணனை அனுப்பினேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். அதை யாரும் மறுக்கவில்லை, நம்பவுமில்லை.

பின்னால் வந்த வருஷங்களில் கழியில் சேறு கரைந்து பழைய பண்ணையும் உயிர்பிடித்தது. ஆனாலும் ஓட்டல்காரர்கள் கேட்டு வாங்கியது மாடிச் சிப்பியைத்தான். லேசாக டீத்தூள் வாசம் அடிப்பதாகவும் அதுவே தனி ருசி என்றும் சொன்னார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் தண்ணீர் படுக்கையறை வரை எட்டிப் பார்த்ததால் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். கல்லை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவருக்கும் மாதம் இரண்டு முறை சண்டை வந்தது. சிப்பிக்காரி வாய் ஓயாமல் திட்டினாள், அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது மாடி காலியானபோது ஒரு தையல்காரர் குடும்பத்தோடு வீடு பார்க்க வந்தார். வீட்டுக்காரர் மறைக்கவில்லை. இரண்டாவது மாடிக்குத் தினம் இரண்டு வேளை கடல் வரும், மேலே ஏறாது, உப்புக் காற்றுக்கு ஊசி மட்டும் கொஞ்சம் துருப்பிடிக்கும் என்றார். தையல்காரர் தலையாட்டினார். அறைகளைப் பார்த்தார், ஜன்னல்களைத் திறந்து மூடினார். கடைசியாகக் குளியலறைக் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை.

"குழாய்த் தண்ணியா? ஒரு நாள் விட்டு ஒரு நாள்," என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா!" என்று தையல்காரர் அதிர்ந்துபோய் மனைவியைப் பார்த்தார்.